மூன்று ஆண்களுக்குப் பின் ஒரு பெண்

2005ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கிர்கிஸ்தானில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. 75 தொகுதிகள், தொகுதிக்கு ஒருவர். வென்ற 75 பேரில் ஒருவர்கூடப் பெண் இல்லை.

அந்தத் தேர்தலில் நிற்க விரும்பியவர்களில் ரோசா ஒத்துன்பாயெவாவும் ஒருவர். வெளியுறவு அமைச்சராக இருந்தவர், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தூதராகப் பணியாற்றியவர். அவருடைய மனுவை ஏற்கவில்லை. வேட்பாளர் கடைசி ஐந்து ஆண்டுகள் நாட்டிலேயே வசித்திருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. நாட்டின் தூதராக வெளியே இருந்த காலத்தையும் 'நாட்டில் இல்லாத காலம்' என்றே கணக்கிட்டார்கள். சில வாரங்களில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த எதிர்ப்பின் தலைவர்களில் அவரும் இருந்தார். மார்ச் 24 அன்று அதிபர் அகாயெவ் நாட்டைவிட்டே ஓடினார். வேட்பு மனு மறுக்கப்பட்ட அதே பெண் 2010 ஏப்ரலில் நாட்டின் தலைவரானார். மத்திய ஆசியாவில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

கிர்கிஸ்தானின் பெண் அரசியலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவரிடமிருந்து தொடங்குவார்கள். இல்லையென்றால் 19ஆம் நூற்றாண்டில் அலாய் மலைப்பகுதியை ஆண்ட குர்மான்ஜான் தத்காவிடம் போவார்கள். 50 சோம் நோட்டில் இருக்கும் முகம் அவருடையது. இருவரும் பெரியவர்கள்தான். ஆனால் அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது, அதைச் சரிசெய்ய எழுதிய ஒவ்வொரு சட்ட வரியும் எங்கே ஒழுகியது என்பது அவர்களுடைய வரலாற்றில் கிடைக்காது. அதற்குத் தேர்தல் விதிகளைத்தான் வரிவரியாகப் பார்க்க வேண்டும்.

முதலில், பூஜ்யம் வந்த வழி. சோவியத் காலத்தில் 'சோவியத்துகள்' எனப்பட்ட மன்றங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் அமர்ந்திருந்தார்கள். மேலிருந்து விகிதம் வகுத்து, மாடு கறப்பவர் ஒருவர், ஆசிரியை ஒருவர் என்று பொறுக்கி நிறுத்திய ஏற்பாடு அது. அந்த ஏற்பாடு போனதும் எண்ணிக்கை சரிந்தது. அதன் பிறகு வந்த ஒற்றை உறுப்பினர் தொகுதி, மிச்சமிருந்ததையும் துடைத்துவிட்டது. ஒரே ஒரு நாற்காலி என்றால் ஒவ்வொரு தரப்பும் தன்னிடமுள்ள மிகப் பெரிய பணக்காரரை, உறவு வட்டம் மிக அகலமாக உள்ளவரை நிறுத்தும். கிர்கிஸ் கிராமத்தில் அந்த ஆள் ஆணாகத்தான் இருப்பார்.

ஏன் என்று புரிய, அங்குள்ள திருமண முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிர்கிஸ் மரபில் ஒருவர் தன் ஏழு தலைமுறைத் தந்தையரின் பெயர்களைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு 'ஜெத்தி அத்தா' என்று பெயர், ஏழு தந்தையர். அந்த ஏழுக்குள் பெண் எடுக்கக் கூடாது. எனவே வீட்டுக்கு வரும் மருமகள், அதாவது 'கெலின்', பெரும்பாலும் வேறு குலக்கிளையைச் சேர்ந்தவள். கிராமத்தில் வாக்குகள் பெரும்பாலும் 'உருவு' எனப்படும் குலக்கிளை வழியேதான் திரளும். பிறந்த ஊரில் அவள் 'போய்விட்டவள்', புகுந்த ஊரில் 'வந்தவள்'. இரண்டு இடத்திலும் தன் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்க அவளுக்குச் சொந்தமாக ஒரு உருவு இல்லை. கணவரின் உருவு அவளை முன்னிறுத்தினால்தான் உண்டு. அதே வீட்டில் கணவரோ மைத்துனரோ நிற்க ஆசைப்பட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

2005இன் அவமானம் வீண்போகவில்லை. பெண்கள் அமைப்புகள் விடாமல் அழுத்தம் கொடுத்தன. 2007இல் புதிய தேர்தல் சட்டம் வந்தது. நாடாளுமன்றமான ஜோகோர்க்கு கெனெஷின் 90 இடங்களும் கட்சிப் பட்டியல் மூலம் நிரப்பப்படும் என்று ஆனது. பட்டியலுக்கு இரண்டு நிபந்தனைகள். ஒரே பாலினத்தவர் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஒன்று. வரிசையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான இடைவெளி மூன்று இடங்களைத் தாண்டக் கூடாது என்பது இன்னொன்று. 2007 டிசம்பர் தேர்தலில் 23 பெண்கள் வந்தார்கள். 75இல் பூஜ்யமாக இருந்தது, மூன்றே ஆண்டுகளுக்குள் நான்கில் ஒன்றானது.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இரண்டாவது நிபந்தனை. 30 சதவீதம் என்பதுதான் செய்திகளில் வரும், மேடைகளில் கேட்கும். ஆனால் நாற்காலியைத் தந்தது அது அல்ல, வரிசை விதிதான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கட்சி 120 பேர் கொண்ட பட்டியல் தருகிறது. 30 சதவீதம் என்றால் 36 பெண்கள். வரிசை விதி இல்லையென்றால் அந்த 36 பேரையும் 85ஆவது இடத்திலிருந்து கடைசிவரை அடுக்கிவிடலாம். சட்டம் நிறைவேறிவிடும், ஒரு பெண்ணும் உள்ளே போகமாட்டார். வரிசை விதி இருந்தால், கட்சி எவ்வளவு கஞ்சத்தனம் செய்தாலும் மூன்று ஆண்களுக்குப் பின் நான்காவதாக ஒரு பெண்ணை வைத்தே ஆக வேண்டும். 4, 8, 12, 16 என்று போகும். அப்படிப் போனால் 120இல் 30 பெண்கள்தான். மீதி ஆறு பேரை யாரும் எட்ட முடியாத வால் பகுதியில் வைத்துக்கொள்வார்கள். ஆக, தாளில் 30 சதவீதம் என்று இருந்தாலும் நடைமுறையில் கட்சி தந்தே ஆக வேண்டியது 25 சதவீதம்தான். முழு எண்ணாக வெட்டும்போது இன்னும் கொஞ்சம் தேயும். 11 இடம் பெறும் கட்சியிலிருந்து இரண்டு பெண்கள், 7 இடம் பெறும் கட்சியிலிருந்து ஒருவர். கட்சி சிறியதாக இருந்தால் தேய்மானம் அதிகம்.

2010 அக்டோபர் தேர்தலில் ஐந்து கட்சிகள் உள்ளே வந்தன. அத்தா-ஜுர்த் 28, சமூக ஜனநாயகக் கட்சி 26, அர்-நமிஸ் 25, ரெஸ்புப்ளிகா 23, அத்தா-மெக்கென் 18. மொத்தம் 120. நான்கால் வகுத்து மீதியைத் தள்ளினால் 7, 6, 6, 5, 4. கூட்டினால் 28. அந்த அவையில் அமர்ந்த பெண்களும் 28 பேர்தான், 23 சதவீதத்துக்குச் சற்று மேல். குறைந்தபட்சம் எவ்வளவு தர வேண்டுமோ அவ்வளவே வந்தது. ஒரு நாற்காலிகூட மனமுவந்து தரப்படவில்லை என்று இந்த எண்ணைப் பார்த்தால் தோன்றுகிறது. சட்டத்தின் சொற்கள் எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் கண்டதில்லை.

2015இல் அதே கணக்கு பொய்த்தது. ஆறு கட்சிகள் 38, 28, 18, 13, 12, 11 என்று இடங்களைப் பிரித்துக்கொண்டன. நான்கால் வகுத்தால் 9, 7, 4, 3, 3, 2. மறுபடியும் 28தான் வர வேண்டும். வந்தது 23. ஐந்து பேர் எங்கே போனார்கள்?

பட்டியலைத் தேர்தல் ஆணையம் பதிவின்போது சரிபார்க்கிறது. வரிசை சரியாக இருக்கிறது, முத்திரை விழுகிறது. அதன் பிறகு பெயர்கள் விலகத் தொடங்குகின்றன. நான்காவதாக இருந்த பெண் 'சொந்த விருப்பத்தின் பேரில்' கடிதம் கொடுத்து வெளியேறுகிறார், ஐந்தாவதாக இருந்த ஆண் ஒரு படி மேலே ஏறுகிறார். விலகிய பிறகு வரிசையை மறுபடி சரிபார்க்கும் கடமை யாருக்கும் இல்லை. வென்று அவையில் அமர்ந்த பின்னும் இதே வழி திறந்திருந்தது. உறுப்பினர் விலகினால் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும், அடுத்தவர் பெரும்பாலும் ஆண். கட்சிக்குப் பணம் கொடுத்த ஒருவர் பட்டியலில் 'கொஞ்சம் கீழே' இருக்க நேர்ந்தால், அவருக்கு வழிவிடச் சொல்லி முதலில் நெருக்கப்படுவது பெண்தான். அவருக்குப் பின்னால் உருவும் இல்லை, பணமும் இல்லை.

2017இல் இந்த ஓட்டையை அடைத்தார்கள். பெண் விலகினால் பட்டியலில் அடுத்துள்ள பெண்ணுக்கே இடம் போகும் என்று திருத்தம் வந்தது. சிறிய திருத்தம்தான், ஆனால் நெருக்கடி கொடுப்பதால் கிடைக்கும் லாபத்தையே அது எடுத்துவிட்டது. யாரை விரட்டினாலும் இடம் ஆணுக்கு வராது என்றால் விரட்ட என்ன காரணம் இருக்கும்? ஒதுக்கீட்டுச் சட்டம் எழுதும் எவரும் முதல் நாளிலேயே இதைச் சேர்த்துவிட வேண்டும். கிர்கிஸ்தானுக்கு அதைக் கற்க பத்து ஆண்டுகள் பிடித்தன.

இதெல்லாம் தலைநகர் பிஷ்கெக்கில் நடந்தது. கிராமத்தில் நிலைமை எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. அயில் கெனெஷ் என்பது நம் ஊராட்சி மன்றத்துக்கு இணையானது. அங்கே கட்சிப் பட்டியல் கிடையாது, அதனால் ஒதுக்கீடும் அப்போது இல்லை. 2016 வாக்கில் அந்த மன்றங்களில் பெண்கள் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் இருந்தார்கள். பல மன்றங்களில் ஒருவர்கூட இல்லை.

ஒரு பெண் அயில் கெனெஷுக்கு நிற்க முடிவெடுத்தால் முதல் தடை வீட்டு மேசையில்தான். கெலின் என்பவள் விருந்தில் தேநீர் ஊற்றுபவள். மாமனார், மாமியார் உட்கார்ந்திருக்கும் இடத்தில் குரலை உயர்த்தாதவள். அவள் வீடுவீடாகப் போய் வாக்குக் கேட்பதை 'உயாத்' என்பார்கள். வெட்கக்கேடு என்று பொருள். சட்டம் எதுவும் தடுக்காத இடத்தில் இந்த ஒற்றைச் சொல் தடுத்துவிடும். மருமகளாக வந்து வயதாகி, தன் வீட்டுக்கே ஒரு கெலின் வந்த பிறகுதான் அவளுக்கு வெளியே போக நேரமும் உரிமையும் கிடைக்கிறது. ஆசிரியை, மருத்துவப் பணியாளர், கணக்காளர் என்று ஊரே 'எஜெ', அதாவது அக்கா என்று அழைக்கும் பெண்கள் வெல்வதற்கு இதுதான் காரணம். அவர்களுக்கு உருவுக்கு வெளியே, வேலையால் வந்த ஒரு மதிப்பு இருக்கிறது. முப்பது வயதுப் பெண்ணுக்கு அது இல்லை.

இரண்டாவது தடை ஊர்ப் பெரியவர்கள். 'அக்சக்கால்' என்றால் வெண்தாடி. தேர்தலுக்கு முன்பே ஒவ்வொரு உருவின் அக்சக்கால்களும் கூடி, இந்த முறை எங்கள் தரப்பில் இன்னார் என்று பேசி முடித்துவிடுவதுண்டு. அந்தக் கூட்டத்தில் பெண் இருப்பதில்லை. வாக்குப்பதிவு நாளில் நடப்பது பெரும்பாலும் அந்த முடிவுக்குப் போடும் கையெழுத்து மாதிரிதான். மூன்றாவது தடை பணமும் நேரமும். அயில் கெனெஷ் உறுப்பினருக்குச் சம்பளம் இல்லை. ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளையும் சேர்த்து வளர்க்கும் ஒரு பாட்டிக்கோ அத்தைக்கோ மன்றக் கூட்டம் என்பது இன்னொரு சம்பளமில்லா வேலை.

2019இல் வந்த சட்டம் இங்கே வேட்பாளர் பட்டியலைத் தொடாமல் நேரடியாக இடங்களையே ஒதுக்கியது. மன்றத்தின் இடங்களில் 30 சதவீதம் பெண்களுக்கு. விளைவு 2021 ஏப்ரல் உள்ளாட்சித் தேர்தலில் தெரிந்தது. அயில் கெனெஷ்களில் பெண்களின் பங்கு 38 சதவீதத்தை ஒட்டி வந்து நின்றது. ஒதுக்கியது 30, வந்தது அதற்கும் மேல். நாடாளுமன்றத்தில் குறைந்தபட்சத்தைத் தாண்டாத எண், கிராமத்தில் தாண்டியிருக்கிறது. காரணம் இருக்கிறது. இடம் உறுதி என்று ஆனதும் உருவுகளே தங்கள் பெண்களைத் தேடி நிறுத்தத் தொடங்கின. நம் தரப்பு நிறுத்தாவிட்டால் எதிர்த் தரப்புப் பெண் அந்த இடத்தை எடுத்துக்கொள்வார் என்ற கணக்கு. 'உயாத்' என்று சொன்ன அதே மாமனார்கள் வாக்குக் கேட்டுப் போனார்கள். நிறுத்தியவர்களின் பேச்சையே கேட்கும் பெண்களும் அதில் வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் நிறுத்தியவர்களின் பேச்சையே கேட்கும் ஆண்கள் அதற்கு முன் முப்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தார்கள். அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

மன்றம் வேறு, நிர்வாகம் வேறு என்பதையும் சொல்ல வேண்டும். பணத்தைச் செலவழிப்பது, நிலத்தைப் பிரித்துக் கொடுப்பது, டிராக்டரை அனுப்புவது எல்லாம் அயில் ஒக்மோத்து எனப்படும் கிராம நிர்வாகம்தான். அதன் தலைவர்களில் பெண்கள் மிகமிகக் குறைவு. அந்தப் பதவிக்கு ஒதுக்கீடு வரவில்லை.

மேலே, நாடாளுமன்றத்தில், விதி மறுபடியும் மாறியது. 2020 அக்டோபர் 4 தேர்தலை மக்கள் எதிர்ப்பால் ரத்து செய்தார்கள். சதிர் ஜப்பாரோவ் ஆட்சிக்கு வந்தார். 2021இல் புதிய அரசியல் சட்டம், அதிபர் ஆட்சி, 120 இடங்கள் 90 ஆயின. அதில் 54 பட்டியல் மூலம், 36 ஒற்றை உறுப்பினர் தொகுதிகள் மூலம். 2005இல் பூஜ்யத்தைத் தந்த அதே முறை ஐந்தில் இரண்டு பங்கு இடங்களுக்குத் திரும்பி வந்தது, பெண்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல். பட்டியலிலும் வாக்காளர் தனக்குப் பிடித்த வேட்பாளரைக் குறிக்கலாம் என்று ஆனதால், ஒரே கட்சிக்குள்ளேயே ஒருவரை ஒருவர் எதிர்த்து விளம்பரத்துக்குப் பணம் கொட்ட வேண்டிய நிலை. 2021 நவம்பர் தேர்தலில் பெண்களின் பங்கு ஐந்தில் ஒன்றை ஒட்டியே நின்றது.

2025 நடுவில் பட்டியல் முறையையே எடுத்துவிட்டார்கள். இப்போது 30 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் மூன்று இடங்கள், வாக்காளருக்கு ஒரே ஒரு வாக்கு. மூன்று இடங்களில் ஒரே பாலினத்தவர் இருவருக்கு மேல் வரக் கூடாது. 2025 நவம்பர் 30 அன்று முன்கூட்டியே நடந்த தேர்தல் இந்த விதிப்படிதான் நடந்தது.

எண்ணிக்கை இப்படி நடக்கும். அதிக வாக்கு வாங்கிய முதல் இருவரும் ஆண்கள் என்றால், மூன்றாவது இடத்துக்கு ஆண்களை விட்டுவிட்டு, பெண்களில் அதிக வாக்கு வாங்கியவரை எடுப்பார்கள். மொத்த வரிசையில் அவர் ஐந்தாவதாகவோ ஏழாவதாகவோ இருந்தாலும் இடம் அவருக்குத்தான். பதிவு நாளில் மட்டும் சரிபார்த்து முடிவு நாளில் கோட்டைவிடும் பழைய சிக்கல் இதில் இல்லை, விதி முடிவின் மீதே உட்கார்ந்திருக்கிறது. 90இல் 30 என்ற அடித்தளம் இந்தச் சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

இதிலும் கோளாறு வரக்கூடிய இடங்கள் உண்டு. 'மூன்றாவது இடம் பெண்ணுக்கு' என்ற பேச்சு, முதல் இரண்டும் ஆணுக்கு என்ற பேச்சாக மாறுவது எளிது. பெண் வேட்பாளர்கள் தங்களுக்குள்ளேயே போட்டியிடத் தள்ளப்படுகிறார்கள், ஏனென்றால் அந்த ஒரு இடத்துக்கு உண்மையான எதிரி இன்னொரு பெண்தான். தன்னைவிட அதிக வாக்கு வாங்கிய ஆண் வெளியே நிற்க, குறைந்த வாக்கில் உள்ளே வந்தவர் என்ற பேச்சை ஐந்து ஆண்டுகளும் அவர் சுமக்க வேண்டியிருக்கும். ஒரு கட்சி இரண்டு மூன்று பேரை நிறுத்தினால் அவர்களுடைய வாக்கே சிதறும். பட்டியல் போனதால், கட்சியின் தோளில் ஏறி வந்த பணமில்லாத பெண்ணுக்கு இனி தோளும் இல்லை. மூன்று மாவட்டங்கள் அகலமுள்ள தொகுதியில் தன் செலவில் அலைய வேண்டும்.

அண்டை நாடுகளோடு ஒப்பிட்டால் எண்ணின் பொருள் இன்னும் தெளிவாகும். கஜகஸ்தானில் 30 சதவீதம் என்பது பெண்கள், இளைஞர்கள், மாற்றுத்திறனாளிகள் மூவருக்கும் சேர்த்து ஒரே கூடை. இளம் ஆண்களை வைத்தே பாதியை நிரப்பிவிடலாம். உஸ்பெகிஸ்தானில் 2024 அக்டோபர் தேர்தலுக்குப் பிறகு கீழவையில் பெண்கள் 38 சதவீதம். உலகப் பட்டியலில் நல்ல உயரமான இடம்தான். ஆனால் அந்த அவையில் எதிர்க்கட்சி என்று ஒன்று இல்லை, வெளியே பதிவு பெறவும் அதற்கு வழியில்லை. கிர்கிஸ்தான் இதிலிருந்து வேறுபட்டு நின்றது, அங்கே தெருவும் பத்திரிகையும் பேசின என்பதால். அந்த வேறுபாடு இப்போது குறைந்துவருகிறது என்பதுதான் என் கவலை.

கிர்கிஸ் தெரு அரசியலில் பெண்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். அதற்கு ஒரு கொச்சைப் பெயர்கூட உண்டு, 'ஒபோன்'. 'ஒமோன்' என்ற ரஷ்யச் சிறப்புக் காவல் படையின் பெயரைத் திருப்பி, 'சிறப்புப் பணிக்கான பெண்கள் படை' என்று வைத்தது. நடுவயதுப் பெண்களை முன்வரிசையில் நிறுத்தினால் போலீஸ் கை ஓங்கத் தயங்கும் என்று அரசியல்வாதிகள் அவர்களைத் திரட்டுவார்கள். சிலர் கூலிக்கு வருவார்கள், சிலர் உறவுக்காக, சிலர் உண்மையான கோபத்தோடு. அவர்கள் உடைத்துத் திறந்த கதவு வழியே ஆண்கள் உள்ளே போய் அமைச்சர்களானார்கள். அந்தச் சொல்லைப் பெண்களைக் கேலி செய்யவே பயன்படுத்துகிறார்கள். கேலி செய்ய வேண்டியது அவர்களைத் திரட்டியவர்களை.

தங்களுக்காகவே பெண்கள் தெருவுக்கு வந்தபோது நடந்தது வேறு. 2020 மார்ச் 8, பிஷ்கெக்கின் வெற்றிச் சதுக்கம். பெண்களுக்கு எதிரான வன்முறையை நிறுத்தச் சொல்லிக் கூடியவர்கள் மீது முகமூடி அணிந்த ஆண்கள் பாய்ந்தார்கள். பதாகைகளைக் கிழித்தார்கள், தள்ளினார்கள், உதைத்தார்கள். போலீஸ் வந்து சுமார் 70 பேரைப் பிடித்துக்கொண்டு போனது. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் அடி வாங்கிய பெண்கள். 2022 முதல் நகர மையத்தில் கூட்டங்களுக்கே தடை.

அதே ஆண்டு அக்டோபரில் கெம்பிர்-அபாத் வழக்கு. உஸ்பெகிஸ்தானுடனான எல்லை உடன்பாட்டில் ஒரு நீர்த்தேக்கத்தை விட்டுக்கொடுப்பதை எதிர்த்த இருபதுக்கும் மேற்பட்டோரைக் கைது செய்தார்கள். கலவரத்துக்குத் திட்டமிட்டார்கள் என்று குற்றச்சாட்டு. அவர்களில் முன்னாள் அரசியல் சட்ட நீதிபதி கிளாரா சோரோன்குலோவா, மனித உரிமைச் செயற்பாட்டாளர் ரீத்தா கராசார்த்தோவா, முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் அசியா சசிக்பாயெவா இருந்தார்கள். நாட்டின் அரசியலை நன்கு தெரிந்த, எவர் நிழலும் தேவைப்படாத பெண்கள். 2024 ஜூன் 14 அன்று பிஷ்கெக் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அதற்குள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் வாழ்க்கை போய்விட்டது. அதே 2024 ஏப்ரலில், வெளிநாட்டு நிதி பெற்று 'அரசியல் செயல்பாட்டில்' ஈடுபடும் அமைப்புகள் 'வெளிநாட்டுப் பிரதிநிதி' என்று பதிய வேண்டும் என்ற சட்டம் வந்தது. ஒதுக்கீட்டு வரிகளை எழுதிக் கொடுத்ததும், கிராமத்துப் பெண் வேட்பாளர்களுக்குப் பயிற்சி தந்ததும் பெரும்பாலும் இத்தகைய அமைப்புகள்தான்.

ஒரு பெயர் வழக்கையும் சொல்லியாக வேண்டும். கிர்கிஸ்தானில் ஒருவருடைய பெயரோடு தந்தையின் பெயர் வரும். தனியாகப் பிள்ளை வளர்த்த அல்தின் கபலோவா என்ற கலைஞர், தன் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் தாயின் பெயர் வர வேண்டும் என்று கீழ் நீதிமன்றத்திலிருந்து மேலே வரை போனார். 2023 ஜூன் 30 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம், 18 வயது நிரம்பியவர் விரும்பினால் தாயின் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்றது. ஆட்சியிலிருந்தவர்கள் கொதித்தார்கள். நீதிமன்றத்தின் தீர்ப்பு மக்களின் ஒழுக்க விழுமியங்களுக்கு முரணானால் அதை மறுபரிசீலனை செய்யலாம் என்று சட்டத்தையே மாற்றினார்கள். நவம்பரில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே திரும்பப் பெற்றது. அவையில் 30 நாற்காலி தரத் தயாராக இருக்கும் அரசு, அடையாள அட்டையில் தாயின் பெயருக்கு ஒரு வரி தரத் தயாராக இல்லை. நாற்காலியைவிட அந்த வரிதான் அவர்களைப் பயமுறுத்தியது என்றே நினைக்கிறேன்.

பெண்ணின் அரசியல் உரிமையை அவளுடைய உடலின் பாதுகாப்பிலிருந்து பிரித்துப் பேசவே முடியாத இடம் 'அலா கச்சூ'. 'தூக்கிக்கொண்டு ஓடுவது' என்று பொருள். பெண்ணைக் கடத்தி வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்த வீட்டுப் பெண்களே சூழ்ந்து நின்று, தலையில் வெள்ளை 'ஜோலுக்' துணியைக் கட்டிவிட்டால் திருமணம் முடிந்ததாகக் கருதுவார்கள். ஒரு இரவு அங்கே தங்கிவிட்டால் திரும்பிப் போவது உயாத். 'கல் விழுந்த இடத்தில்தான் கனக்கும்' என்ற பழமொழியை அவளுக்குச் சொல்வார்கள், பல நேரம் சொல்வது பெற்ற தாயாகவே இருக்கும். இதைப் பண்டைய மரபு என்று சொல்லி நியாயப்படுத்துகிறவர்கள், குர்மான்ஜான் தத்காவே தனக்குப் பிடிக்காத திருமணத்தை மறுத்து வெளியேறியவர் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சட்டம் கடுமையானதுதான். 2013இல் தண்டனையைக் கூட்டினார்கள். வயது வந்த பெண்ணைக் கடத்தினால் 7 ஆண்டுகள் வரை, 17 வயதுக்குக் கீழ் என்றால் 10 ஆண்டுகள் வரை. 2016இல், சிறுமிக்கு மதச் சடங்கான நிக்காஹ் செய்துவைப்பவருக்கும் ஏற்பாடு செய்யும் பெற்றோருக்கும் சிறை என்று சேர்த்தார்கள். ஆனால் புகார் காவல் நிலையத்தை எட்டும்போது இரு குடும்பமும் பேசத் தொடங்கிவிடும். பணமும் ஆடும் கைமாறும், பெண் புகாரைத் திரும்பப் பெறுவாள். 2018இல் கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட 20 வயது மாணவியைக் காவல் நிலையத்திலேயே கடத்தியவனோடு ஒரே அறையில் விட்டார்கள். அங்கேயே அவன் அவளைக் குத்திக் கொன்றான். அதே ஆண்டு, இந்த வழக்கத்தில் அரசு தவறியதை ஐ.நா.வின் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் குழு கடுமையான, தொடர்ச்சியான உரிமை மீறல் என்று பதிவு செய்தது. 2021 ஏப்ரலில் பிஷ்கெக் தெருவில் பட்டப்பகலில் 27 வயதுப் பெண்ணைக் காரில் தள்ளியது கேமராவில் பதிவாகி ஊரெல்லாம் பார்த்தது. இரண்டு நாள் கழித்து வயல்வெளியில் உடல்தான் கிடைத்தது. உள்துறை அமைச்சக வாசலில் மக்கள் கூடிக் கதறினார்கள்.

குடும்ப வன்முறைக்கு எதிரான 2017 சட்டத்தில், போலீஸ் 24 மணி நேரத்துக்குள் பாதுகாப்பு ஆணை தர வேண்டும். அது 3 நாள் செல்லும், 30 நாள்வரை நீட்டலாம். முப்பதாம் நாள் முடிந்ததும் எங்கே போவது? வீடு மாமனார் பெயரில் இருக்கும், அடுத்து அது கடைசி மகனுக்குப் போகும். திருமணம் நிக்காஹ் மட்டுமாகி அரசுப் பதிவு இல்லையென்றால், சொத்தில் பங்கு கேட்க அவள் மனைவி என்ற தாளே கிடையாது. இப்படி ஒருத்தி அயில் கெனெஷுக்கு நிற்பாளா? நின்றாலும் மாமனாரின் உருவுக்கு எதிராகக் கை தூக்குவாளா?

அதனால்தான் 2021க்குப் பிறகு மன்றங்களுக்கு வந்த பெண்கள் எதை முதலில் எழுப்பினார்கள் என்பதைக் கவனமாகப் பார்க்கிறேன். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, பள்ளியின் கழிப்பறை, அடுத்து மழலையர் பள்ளி. பெரிய அரசியல் பேசாத பட்டியல் என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிர்கிஸ் கிராமங்களில் மழலையர் பள்ளி இடங்கள் தேவைக்கு மிகக் குறைவு. மூன்று வயதுப் பிள்ளையை விட ஓர் இடம் இருந்தால் ஒரு கெலின் காலை ஒன்பதிலிருந்து மாலைவரை வீட்டுக்கு வெளியே இருக்கலாம், சம்பளம் வாங்கலாம், மன்றக் கூட்டத்துக்கும் வரலாம். அந்தக் கட்டடத்தின் கூரைக்குப் பணம் ஒதுக்கும் வாக்கெடுப்பு அயில் கெனெஷில்தான் நடக்கிறது. 21 பேர் கொண்ட மன்றத்தில் இப்போது ஏழெட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். தீர்மானம் நிறைவேற இன்னும் மூன்று நான்கு கைகள் வேண்டும்.